உறைபனிக் காலத்தில் வீட்டுத் தொட்டி மீன்களுக்குத் தீனி

நீலகிரியில், கேத்தி பாலாடாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். கேரட் கழுவும் இயந்திரங்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பு, பிடுங்கிய கேரட்டைக் கொட்டி மண் போகக் கழுவுவதற்காக அப்பா கட்டியது. இயந்திரம் வந்தபின் சும்மா கிடந்த தொட்டியில் என் மகள் ஆறு தங்கமீன்களை விட்டாள். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எட்டுத் தங்கமீன்களும் மூன்று கோய் மீன்களும் அதில் இருக்கின்றன. தண்ணீர் ஏறக்குறைய 3,400 லிட்டர்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் குளிரில் மீன் செத்துவிடாதா என்பதுதான். சாகாது. கோய் மீன், ஜப்பானில் பனி கொட்டும் நிகாட்டா பகுதியில் சாதாக் கெண்டையிலிருந்து நிறம் பார்த்துப் பார்த்து வளர்த்தெடுக்கப்பட்டது. ஊட்டி ஏரிக்கும் 1939-இல் இலங்கையிலிருந்து கெண்டை கொண்டுவந்து விட்டார்கள். அந்த வம்சம் இந்த மலையில் நன்றாகவே பிழைத்தது. தங்கமீனும் இவற்றுக்குச் சொந்தக்கார இனம். என் தொட்டியில் குளிரால் இதுவரை ஒரு மீன்கூடச் சாகவில்லை. குளிர்காலத்தில் போட்ட தீனியால் மூன்று செத்திருக்கின்றன.

அது ஒரு பொங்கல் விடுமுறை. கோயம்புத்தூரிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். நல்ல வெயில் நாள். மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் தொட்டியோரம் நின்றார்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "மாமா, பாவம், பசிக்கிறது போலிருக்கிறது" என்றாள் சின்னவள். நான் தோட்டத்தில் வேலையாக இருந்தேன்; கொஞ்சம் போடு என்று சொல்லிவிட்டேன். கோவில் குளத்தில் போடுவது போல ஒரு பொட்டலம் பொரி, அதன் பிறகு அரை பாக்கெட் ரொட்டி. மீன்களும் ஆசையாகத் தின்றன. அன்று இரவு வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. காலையில் கேரட் தழையெல்லாம் வெள்ளையாக உறைபனி. மூன்றாம் நாள் ஒரு கோய் வயிறு உப்பிப் பக்கவாட்டில் மிதந்தது. அந்த வாரத்துக்குள் இரண்டு தங்கமீன்களும் போய்விட்டன. தொட்டியின் அடியைக் கிளறினால் புளித்த மாவு வாடை வந்தது. அந்தக் கோய்க்கு ஆறு வயது. என் கையில் வந்து தின்னும் மீன் அது. அதைப் புதைத்த அன்றுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மீனுக்கு நம்மைப் போல உடல் சூடு என்று தனியாகக் கிடையாது. தண்ணீர் எத்தனை டிகிரியோ, மீனின் குடலும் அத்தனை டிகிரி. தங்கமீன், கோய், கெண்டை ஆகியவற்றுக்கு இரைப்பையும் கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது, அங்கேயே செரிக்க வேண்டும். கோடையில் சில மணி நேரத்தில் நடக்கும் வேலை, தண்ணீர் பத்து டிகிரிக்கு இறங்கினால் நாள் கணக்கில் இழுக்கிறது. மீன் தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகுகிறது. தின்ற தீனியோ மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்கு வருகிறது. அந்த அம்மோனியாவைச் சாப்பிட்டு நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் தொட்டிச் சுவரிலும் இருக்கின்றன. குளிரில் அவையும் சோர்ந்துவிடுகின்றன. நோயை எதிர்க்கும் சக்தியும் அப்போது மீனுக்குக் குறைவு. ஆகவே குளிர்காலத்தில் ஒரு பிடி தீனி கூடப் போடுவது, கோடையில் பத்துப் பிடி கூடப் போடுவதைவிடக் கெடுதல்.

சரி, எப்போது நிறுத்துவது? காலண்டரைப் பார்த்தோ காற்றின் குளிரைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதிலும் எந்த நேரத்துத் தண்ணீர், எந்த ஆழத்துத் தண்ணீர் என்பது முக்கியம். புத்தகங்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் மாதக் கணக்கில் குளம் உறைந்து கிடக்கும் நாடுகளுக்கானது. அங்கே இலையுதிர் காலத்தில் தண்ணீர் மெல்ல மெல்லக் குளிரும், பிறகு வசந்தம் வரை ஏறாது. நீலகிரியில் அப்படி இல்லை. மார்கழி, தை மாதங்களில் பகலில் வெயில் 20 டிகிரி வரை ஏறுகிறது. அதே நாள் விடியற்காலையில் பள்ளத்தாக்குகளில் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. ஒரே நாளுக்குள் இரண்டு பருவம். பெரிய ஏரி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 3,400 லிட்டர் தொட்டி தாங்காது. வெயிலோடு ஏறும், பனியோடு இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கு மேல் உள்ள தண்ணீரில் எது குளிர்ந்ததோ அது அடியில் போய் உட்காரும். நம் தொட்டிகள் முழுவதும் நான்கு டிகிரிக்குப் போவதில்லை. எனவே இங்கே வெயில் நேரத்தில் அடித் தண்ணீர்தான் குளிர்ந்த தண்ணீர். மேலே அரையடி மட்டும் வெயிலில் சூடாகி நம்மையும் மீனையும் ஏமாற்றுகிறது. போன ஜனவரியில் ஒரு நாள் குறித்து வைத்தது: காலை ஏழு மணிக்கு அடியில் 9 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு மேற்பரப்பில் 16, அடியில் 11. மேலே வந்து வாயைத் திறந்த மீன், மாலை நான்கு மணிக்கு மலை நிழல் விழுந்ததும் அந்த 11 டிகிரிக்குள் இறங்கி இரவைக் கழிக்கப் போகிறது. இரண்டு மணிக்குத் தின்றது அதன் குடலில் கிடக்கும்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: மதியத் தண்ணீரைப் பார்த்துத் தீனி போடாதீர்கள், விடியற்காலைத் தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள்.

அதற்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரை நைலான் கயிற்றில் கட்டி, கூட ஒரு கூழாங்கல்லையும் கட்டி, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி தொங்கவிட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு, வெயில் தொட்டியில் விழுவதற்கு முன், சட்டென்று தூக்கிப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தூக்கினால் மேல் தண்ணீரின் அளவைக் காட்டிவிடும். அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம். மூன்று நாள் எண்களைச் சேர்த்துப் பாருங்கள், இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

காலை அளவு 18 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை வழக்கமான தீனி. என் பதினொரு மீனுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு மேசைக்கரண்டி. 15-க்கும் 18-க்கும் இடையில் வந்துவிட்டால் ஒரே வேளை, ஒரு தேக்கரண்டி. 12-க்கும் 15-க்கும் இடையில், மூன்று நாளைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி, அதுவும் எளிதில் செரிக்கிற தீனி மட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் நான் நிறுத்திவிடுகிறேன். பத்து வரை வாரம் ஒருமுறை சிறிது போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய, ஆழமான குளம் என்றால் அது சரி. மூன்றடித் தொட்டியில் இன்று 12 என்றால் ஒரு தெளிந்த இரவில் அது 9 ஆகிவிடும். அந்த இடைவெளியை மீனின் உயிருக்காக விட்டுவைப்பதே நல்லது. பத்துக்குக் கீழே எவருமே போடக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

வானத்தையும் பார்க்கப் பழகுங்கள். விவசாயிகளுக்கு இது தெரிந்ததுதான். மேகம் இருக்கும் இரவில் உறைபனி விழாது. மேகம் போர்வை மாதிரி, நிலத்தின் சூட்டைப் போகவிடாது. வடகிழக்கு மழை நின்று, காற்றும் அடங்கி, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில்தான் பனி கொட்டும். டிசம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் நமக்கு இரண்டு மூன்று நாள் மூட்டமாக இருக்கும். பகல் குளிரும், ஆனால் தொட்டியின் காலை அளவு ஓரிரு டிகிரி ஏறியிருக்கும். அப்போது கை பரபரக்கும். போடாதீர்கள். மூட்டம் விலகியதும் வரும் முதல் இரவுதான் பெரும்பாலும் கடும் பனி.

தீனி போடும் பருவத்தில் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்குப் போடுகிறேன். தண்ணீர் கொஞ்சம் விழித்திருக்கும், மீனுக்குச் செரிக்க ஐந்து மணி நேர வெயில் பாக்கி இருக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் குளிர்காலத்தில் தீனி டப்பாவைத் திறப்பதில்லை.

எந்தத் தீனி? கோடையில் போடும் புரதம் அதிகமான தீனி இப்போது வேண்டாம். கோதுமைக் கருவைச் சேர்த்துச் செய்த மிதவைத் தீனி, 'வீட் ஜெர்ம்' என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். குளிர்காலத்துக்கு அதுதான் ஏற்றது. மிதக்கும் தீனியே வாங்குங்கள். மூழ்கும் தீனி அடியில் எங்கே போனது என்று தெரியாது, மிதப்பதை எண்ணி எடுத்துவிடலாம். மீனின் வாயைவிடச் சின்ன மணியாக இருக்கட்டும். கோதுமைக் கருவில் எண்ணெய்ச் சத்து உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் திறந்த பொட்டலம் ஒரே வாரத்தில் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைக்கிறேன். மோந்து பார்க்கும்போது வறுத்த கோதுமை வாசனை வர வேண்டும். பழைய எண்ணெய் வாடை வந்தால் எருக்குழிக்கு.

கடைத் தீனி கிடைக்காத நாளில் பச்சைப் பட்டாணி நல்லது. வேகவைத்து, தோலை உரித்து, உள்ளே இருக்கும் இரண்டு பருப்பையும் விரலால் நசுக்கிப் போட வேண்டும். ஒரு மீனுக்கு அரைப் பட்டாணி போதும். கேரட் போடலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கேரட்டையே நான் கோடையில்தான் போடுகிறேன், அதுவும் நன்றாக வேகவைத்து மசித்து. குளிரில் அது அடியில் போய்க் கிடக்கும். சமவெளியில் கெண்டைக் குளங்களுக்குப் போடும் தவிடு, கடலைப் புண்ணாக்கு இரண்டும் இந்தப் பருவத்துக்கு ஆகாது. பொரி, ரொட்டி, இட்லி, சோறு எதுவும் எந்தப் பருவத்திலும் வேண்டாம்.

தீனி போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். குளிர்காலத்தில் தீனி போடுவது என்பது பாதி பார்ப்பதுதான். நான் பத்துத் தீனி மணிகளைத் தண்ணீரில் விடுகிறேன், பத்தே பத்து. பெரிய ஆரஞ்சுக் கோய்தான் முதலில் வரும். கோடையில் அது வந்து விழுங்கும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். இப்போது மெல்ல, ஒரு பக்கத் துடுப்பை மட்டும் அசைத்து ஏறுகிறது. மணியை உதட்டால் தொடுகிறது, உள்ளே இழுக்கிறது, இரண்டு நொடி வைத்திருந்து வெளியே துப்புகிறது. மறுபடி இழுத்து விழுங்கினால் அதற்கு வேண்டும் என்று அர்த்தம். துப்பிவிட்டுத் திரும்பிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், மீதி மணிகளைப் பிள்ளைகளின் பட்டாம்பூச்சி வலையால் எடுத்துவிடுவேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு மணியும் மிதக்கக் கூடாது. எல்லா மீனும் அடியில் ஒன்றாகக் கூடி, துடுப்பை ஒடுக்கி, தலையைச் சற்றுத் தாழ்த்தி நின்றால், அவை ஓய்வெடுக்கின்றன. கூப்பிட வேண்டாம், தண்ணீரைத் தட்ட வேண்டாம்.

கழிவையும் பாருங்கள். சாதாரணமாகத் தீனியின் நிறத்தில், குட்டையாக உடைந்து விழும். வெள்ளையாக, நூல் போல நீண்டு, மீனின் பின்னாலேயே தொங்கிக்கொண்டு வந்தால் குடலில் ஏதோ சரியில்லை. அப்போதே தீனியை நிறுத்தி, நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள்.

இனி கடினமான பகுதி. நிறுத்தியபின் வெயில் நாட்களில் மீன்கள் மேலே வரும், உங்கள் நிழலைக் கண்டால் வாயைத் திறக்கும். மனசு கேட்காது. என் மனைவி இன்றைக்கும் அந்த நேரத்தில் தொட்டிப் பக்கம் போக மாட்டாள். அது பசியைவிடப் பழக்கம். உங்களைக் கண்டால் தீனி வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. குளிரில் மீனுக்குச் சக்தி மிகக் குறைவாகத்தான் செலவாகிறது, ஐப்பசிக்குள் சேர்த்த கொழுப்பு அதற்குப் போதும். சுவரில் படிந்த பச்சைப் பாசியை அவ்வப்போது கொறித்துக்கொள்ளும். அதனால் குளிர்காலத்துக்கு முன் தொட்டிச் சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். போன ஆண்டு நாற்பத்தியிரண்டு நாள் ஒரு மணி தீனியும் போடவில்லை. பதினொன்றும் இருந்தன.

வெளியூர் போவதென்றால் இந்தக் காலம்தான் நல்லது. பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பினால் அள்ளிப் போடுவார்கள். "மீனைப் பாருங்கள், எதுவும் போடாதீர்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தால் நான் இப்போது தெர்மாமீட்டரை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். காலண்டரில் எண் எழுதுவது யார் என்று அவர்களுக்குள் போட்டி. தங்கையின் சின்னவள் இந்தத் தையில் எழுதிய எட்டும் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன.

தீனியைச் சார்ந்த மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசியிலேயே அடியில் கிடக்கும் சேற்றையும் இலையையும் பாதியளவு எடுத்துவிடுங்கள். எங்கள் வேலியோரச் சீகை மரத்தின் இலை பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருக்கும், அதற்கு மேலே வலை கட்டியிருக்கிறேன். உறைபனி இரவுகளில் மூங்கில் சட்டத்தின் மேல் சாக்கு விரித்து மூடுகிறேன். தேயிலைக்காரர்கள் இளஞ்செடிக்குத் தாகை என்ற காட்டுச் செடியின் தழையைப் போட்டு மூடுவார்கள். தொட்டிக்கு அது வேண்டாம், உதிர்ந்து தண்ணீரில் விழும், அழுகும். காலை வெயில் வந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். இரவில் நீரூற்றை ஓட விடாதீர்கள், பனிக் காற்றில் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் தொட்டியைக் குளிர்விக்கும். காற்று மோட்டாரின் குழாய் முனையில் மாட்டும் காற்றுக் கல் ஒன்று நடு ஆழத்தில் குமிழி விட்டால் போதும். விளிம்பில் கண்ணாடி போல மெல்லிய பனிப் படலம் கட்டினால் குச்சியால் உடைக்க வேண்டாம். அந்த அதிர்ச்சி அடியில் இருக்கும் மீனைத் தாக்கும். வெந்நீரும் ஊற்ற வேண்டாம். வெயில் ஏறியதும் தானே கரைந்துவிடும். தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் மட்டும் தொட்டியைத் தார்ப்பாயால் முழுக்க மூடிவிடுங்கள். பூச்சி மருந்தின் சாரல் மீனுக்கு நஞ்சு.

திரும்பத் தொடங்குவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மாசியில் நான்கு நாள் வெயில் அடித்தால் குளிர் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். மீன் அப்போது மெலிந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இன்னும் விழிக்கவில்லை, வடிகட்டியின் நுண்ணுயிர்களும் பழைய அளவுக்கு வரவில்லை. காலை அளவு ஏழு நாள் தொடர்ந்து 12-க்கு மேல் இருந்தால்தான் நான் டப்பாவைத் திறக்கிறேன். முதல் நாள் ஒரு மீனுக்கு இரண்டு தீனி மணிகள். மூன்று நாள் விட்டு அதே அளவு. நடுவில் அம்மோனியா சோதனை மருந்தால் தண்ணீரைப் பார்க்கிறேன். நிறம் மாறினால் கால் பங்கு தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் மறுபடி நிறுத்தம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்துப் பிறகு விடுங்கள். தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சிக்கும் அது வந்துவிடும். இடையில் ஒரு உறைபனி வந்தால் கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

காலை அளவு 15-ஐத் தாண்டியபின் தினமும் ஒரு வேளை. 18-ஐத் தாண்டிப் பத்து நாள் ஆனபின்தான் புரதத் தீனி. எங்கள் தொட்டியில் அது பெரும்பாலும் பங்குனிக் கடைசியில் நடக்கிறது. கார்த்திகையில் திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பதை அப்போது பயன்படுத்தாதீர்கள். எருக்குழியில் கொட்டி, டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, புதுப் பொட்டலம் பிரியுங்கள்.